‘மூச்சு விட எனக்குத் தெரியாதா, அக்கா?’

மனசு விட்டுப் பேசுங்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 34 வயது. பிறந்தது தேவனாம்பட்டினம். இப்போது மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். 2004 சுனாமியில் என் தம்பி போய்விட்டான். அவனுக்கு 8 வயது, எனக்கு 13. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடி வந்தான்.

இருபது வருஷம் யாரிடமும் இதைப் பேசாமல் ஓட்டிவிட்டேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் அடித்தபோது, கரண்ட் இல்லாத இருட்டில் காற்று ஊளையிட்டதே, அன்றிலிருந்து தூக்கம் போச்சு. என் மகளுக்கு இப்போது 8 வயது. ரோட்டைத் தாண்டும்போது நான் கையைப் பிடிக்கிற பிடியில் வலிக்கிறது என்கிறாள்.

கடையில் கூட வேலை பார்க்கும் பெண் சொல்லி, புதுச்சேரியில் கவுன்சலிங் கொடுக்கும் ஒரு அம்மாவிடம் போனேன். தம்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் கேட்டதோ எத்தனை மணிக்குத் தூங்குறீங்க, வீட்டில் யார் யார், மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா என்பதுதான். நானாக சுனாமி என்று வாயெடுத்தேன். ‘அதுக்கு வருவோம், அவசரமில்லை’ என்றார். கடைசியில் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். மூச்சு விட எனக்குத் தெரியாதா, அக்கா? தம்பி பேரைக்கூட சொல்லாமல் எழுந்து வந்தேன்.

ஃபீஸ் 1000 ரூபாய். அரை நாள் சம்பளமும் போச்சு. அரியாங்குப்பத்தில் ஆரம்பித்த அழுகை கன்னியக்கோயில் தாண்டியும் நிற்கவில்லை. அடுத்த இரண்டு ராத்திரியும் முன்னைவிட மோசம். ‘காசு குடுத்து அழுதுட்டு வந்தியா’ என்கிறார் வீட்டுக்காரர். வியாழக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இனி சரியாகாது என்றே தோன்றுகிறது. போகவா, விடவா?

- பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்: போங்கள், தங்கச்சி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

2005 ஜனவரி. கடலூர் முதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடந்தது. நான் சமூகப் பணி படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதுசு. இரண்டு நாள் பயிற்சி கொடுத்து எங்களை அனுப்பியிருந்தார்கள். பெண்களை வட்டமாக உட்காரவைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னோம். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நான் முழு மனசோடு நம்பினேன். மீன் விற்கிற ஒரு அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாரும் அழுதோம். ஐந்து மணிக்கு எங்கள் வேன் வந்தது, கிளம்பிவிட்டோம். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இன்றுவரை காதில் இருக்கிறது: “கேட்டுட்டு நீங்க வேன்ல ஏறிப் போயிட்டீங்க. நான் ராத்திரி பூரா அதோடதான் கெடந்தேன்.”

பெரிய துயரம் நடந்த உடனே, ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் அந்த முறை அப்போது பல நாடுகளில் நடைமுறையில் இருந்தது. அதனால் நன்மை இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று ஆராய்ச்சிகளில் தெரிந்த பிறகு, வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. எனக்கு அந்த அம்மாவே சொல்லிவிட்டார்.

அதனால்தான் ‘அவசரமில்லை’ என்று புதுச்சேரி அம்மா சொன்னதாக நீங்கள் எழுதிய இடத்தைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்கு அது கதவைச் சாத்தியது போல இருந்திருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாற்பதாவது நிமிஷத்தில் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தால், மணி முடிந்ததும் எழுந்து வந்து, தனியாக பஸ் ஏறி, மாலையில் கடையில் நின்று பில் போட்டு, ராத்திரி சோறு வடிக்க வேண்டும். பேசாமல் வந்ததற்கே கன்னியக்கோயில் வரை அழுகை நிற்கவில்லை.

இன்னொன்று. ‘என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடி வந்தான்’ என்று எழுதினீர்கள். அடுத்த வரியே இருபது வருஷம் தாண்டிவிட்டது. நடுவில் என்ன ஆனது என்பதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத என்னிடம், நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதுகிற காகிதத்திலேயே அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் முகம் பார்த்த ஒருவர் எதிரில் முதல் நாளே அதைச் சொல்லிவிட முடியுமா? பஸ்ஸில் சொல்லிப் பார்த்தபோதும் கை நழுவிய இடம் வரை போனீர்களா, அதற்கு முன்பே நின்றீர்களா? அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு வேண்டாம். நேரம் வரும்போது அவரிடம் சொல்லுங்கள். 13 வயதுப் பிள்ளையின் கைக்கு எவ்வளவு பலம் இருக்கும், அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதை அவர் உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அது ஒரு நாள் பேச்சு அல்ல.

இப்படி மனசில் தங்கிவிட்ட பழைய அதிர்ச்சிக்கான சிகிச்சை எந்த முறையில் நடந்தாலும் முதல் ஒன்றிரண்டு சிட்டிங் பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஈ.எம்.டி.ஆர். என்று ஒரு முறை இருக்கிறது. பழைய நினைவை மனசில் வைத்துக்கொண்டே கண்ணை இடமும் வலமுமாக அசைக்கவைப்பார்கள். ஃபிரான்சீன் ஷாபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987ல் ஆரம்பித்தது. அதில் 8 கட்டங்கள். முதல் கட்டம் உங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது, இரண்டாவது உங்களைத் தயார்ப்படுத்துவது. பழைய நினைவைத் தொடுவது அதற்குப் பிறகுதான். நடந்ததைப் பற்றி மனசில் ஊறிப்போன எண்ணங்களை எடுத்துப் பேசுகிற இன்னொரு முறை வழக்கமாக 12 சிட்டிங் போகும். அந்தக் கணக்கில் பார்த்தால் 12ல் ஒன்றுதான் முடிந்திருக்கிறது உங்களுக்கு.

மூச்சுக்கு வருகிறேன். கோபம் புரிகிறது. இருபது வருஷத் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனால், மூக்கால் இழு, வாயால் விடு என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் காற்று ஊளையிட்டபோது உங்கள் உடம்புக்குத் தேதி தெரியவில்லை. அதற்கு அது 2004 டிசம்பர் 26. நெஞ்சு படபடக்கும், கால் ஓடத் தயாராகும். அந்த நேரத்தில் ‘ஒண்ணும் இல்லை’ என்று மனசு சொன்னால் உடம்பு கேட்காது. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு தணியும். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். பயம் வந்த பிறகு முதல்முறையாக முயன்றால் கைகொடுக்காது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியானத்தில், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, மகள் தூங்கின பிறகு என்று சாதாரண நேரத்தில் பழக வேண்டும். நாளைக்குத் தம்பியைப் பற்றிப் பேசும்போது உடம்பு பதறினால், பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டுமே. அதைத்தான் முதலில் கொடுத்திருக்கிறார்.

இரண்டு ராத்திரி மோசமாகப் போனது பலருக்கும் நடப்பது. அடுத்த தடவையும் இரண்டொரு நாள் அப்படி ஆகலாம். ஆனால் வாரக்கணக்கில் இறங்கவே இல்லை என்றாலோ, வீட்டு வேலையே ஓடவில்லை என்றாலோ அடுத்த சிட்டிங்வரை காத்திருக்காமல் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் எந்த ராத்திரியானாலும் 14416க்குப் போன் பண்ணுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

அவர் உங்களுக்குச் சரியான ஆள்தானா என்று எப்படித் தெரியும்? வியாழக்கிழமை உட்கார்ந்ததும் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். ‘போன தடவை ஒண்ணும் பிரயோஜனம் இல்லைன்னு தோணிச்சு. ரெண்டு நாள் தூங்கலை. மூச்சுப் பயிற்சி எரிச்சலா இருந்துச்சு.’ நல்ல ஆளாக இருந்தால் முகம் சுளிக்க மாட்டார், இன்னும் கேட்பார். எத்தனை சிட்டிங் ஆகும், எந்த வரிசையில் போவோம் என்று விளக்குவார். அதற்குப் பதில் ‘பழசை மறந்துடுங்க’ என்றாலோ, கோயிலுக்குப் போகச் சொன்னாலோ, நீங்கள் சொன்னதை வீட்டுக்காரரிடம் ஒப்பித்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். ஆளை மாற்றலாம், சிகிச்சையை விட வேண்டாம். மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் அவர் முன்னால் மனசு இறுகியே இருந்தாலும் மாற்றலாம்.

பணம் கஷ்டம் என்றால் குறைக்க முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் இந்தச் செலவு ஆகாது.

வீட்டுக்காரருக்கு எல்லாம் விளக்க வேண்டியதில்லை. கால் உடைந்து கட்டுப் போட்டால் முதல் நாளே நடந்தியா என்று கேட்பாரா? ஒரு உதவி மட்டும் கேளுங்கள்: வியாழன் ராத்திரி சமையலும் மகளும் அவர் பொறுப்பு. நீங்களும் அரை நாள் வேண்டாம், முழு நாள் லீவு போடுங்கள். முடிந்ததும் உடனே பஸ் ஏறாமல் ஒரு டீ குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து கிளம்புங்கள்.

தம்பி பேரைச் சொல்லாமல் எழுந்து வந்தது உங்களை உறுத்துகிறது. வியாழக்கிழமை அதைச் சொல்லுங்கள். அன்றைய காலையைச் சொல்ல வேண்டாம், பேரை மட்டும். வீட்டில் செல்லமாக எப்படிக் கூப்பிடுவீர்கள், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல முடிந்தால் அதையும்.