வாகரைப் பக்கம் உள்ளுக்க இருக்கம், மழைக்கு பிள்ளைட 4 மாச ஊசி தவறிட்டு, இனி முதல்ல இருந்து போடணுமா, காசு எடுப்பாங்களா?

காசு ஒரு சதமும் இல்ல. இலங்கையில 1978ல தொடங்கின தடுப்பூசித் திட்டம், எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்ல எல்லாமே ஃப்ரீ. முதல்ல இருந்து போடத் தேவையுமில்ல, போட்டது போட்டதுதான், விட்ட இடத்துல இருந்து தொடர்ந்து போடுவாங்க, ஆனா அடுத்த கிளினிக்குக்கே போங்க, இன்னும் இழுத்தடிக்காதீங்க.

பிறந்த உடன பிசிஜி, அதாவது காசநோய் ஊசி (இடது கையில தழும்பு இருக்கா பாருங்க), 2, 4, 6 மாசத்துல ஐஞ்சு நோய்க்கு ஒரே ஊசியும் போலியோ சொட்டும், 9 மாசத்துல எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி), மறுகா 12 மாசத்துல மூளைக்காய்ச்சல் ஊசி, பெறகு 18 மாசம், 3 வயசு, 5 வயசு. ஊசி பதியிற பிள்ளைட கொப்பிய மட்டும் துலைச்சிராதீங்க. எங்கட மூத்தவன்ட கொப்பி வெள்ளத்துல நனைஞ்சி எழுத்தெல்லாம் ஊறிட்டு, மிட்வைஃப் மிஸ்ஸி தன்ட புத்தகத்தப் பாத்து திருப்பி எழுதித் தந்தா, அதுக்குப் பெறகு பொலித்தீன் பேக்ல சுத்தித்தான் வைக்கிற.

லேசான தடிமன் (சளி) எண்டா ஊசிய விட வேணாம். ஊசி போட்டாப்போல கொஞ்ச நேரம் அங்கயே இருத்திட்டு கூட்டிட்டு வாங்க. போக ஏலாட்டி மிட்வைஃப்க்கு ஒரு கோல் அடிச்சிச் சொல்லுங்க, ஏசுவா எண்டு பயப்படாதீங்க, கொஞ்சம் ஏசுவாதான்.