பழைய விராவுக்குப் பிவிசி குழாய் போட்டால் வேகம் கூடுமா?

கேள்வி: அண்ணே, என்னிடம் இருப்பது 1996 புரோட்டான் விரா 1.5, அப்பா ஓட்டிய கார். காராக் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஹார்ட்வேர் கடையில் மூன்று அங்குல பிவிசி குழாயும் இரண்டு எல்போவும் வாங்கி, காற்று ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த வெளிக்காற்று வர குழாயை முன் பம்பருக்குள் கீழே இறக்கி, நுனியில் கூம்பு ஃபில்டர் மாட்டலாம் என்றிருக்கிறேன். 15 குதிரைத்திறன் கூடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்கிறான் கூட்டாளி. செய்யலாமா?
கே., செந்தூல்

பதில்: தம்பி, குழாயை அறுக்கும் முன் பானெட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டியின் வாயைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் குழல் ஹெட்லைட் பக்கமோ ஃபெண்டர் பக்கமோ போக வேண்டும். வெளிக்காற்றை இழுக்கத்தான் அது. நீங்கள் செய்ய நினைப்பதை ஃபேக்டரிக்காரன் அன்றைக்கே செய்து வைத்துவிட்டான். ஆனால் முப்பது வருடக் காரில் அந்தக் குழல் முழுசாக இருப்பது அபூர்வம். பல்பு மாற்றவோ பேட்டரி மாற்றவோ கழற்றிய போர்மன் (மெக்கானிக்) திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார், இல்லையென்றால் வெயிலில் காய்ந்து உடைந்து எங்கேயோ விழுந்திருக்கும். அது இல்லாத பெட்டி ரேடியேட்டருக்குப் பின்னால் வீசும் அனலைத்தான் குடிக்கும். பழைய கார்களின் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் பழையது ஒன்று தேடி வாங்கி மாட்டுங்கள், அதுவே பாதி வேலை.

இப்போது கூட்டாளியின் 15. காற்றின் சூடு 3 டிகிரி குறைந்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1 விழுக்காடு கூடும், திறனும் ஏறத்தாழ அந்த அளவுதான் கூடும். பெட்டி 60 டிகிரி காற்றை இழுக்கிறது, வெளியே 35 என்று வைத்துக்கொண்டாலும் 8 விழுக்காடுதான். உங்கள் இன்ஜின் புதிதாக இருந்தபோதே 90 குதிரைத்திறன் அளவுதான், ஆக ஏட்டுக்கணக்கில் ஏழு. அதுவும் மிதியை அடிவரை அழுத்தினால் மட்டும். உடையாத குழலோடு ஓடும் காரில் பெட்டிக்குள் ஏற்கெனவே வெளிக்காற்றுதான் வருகிறது என்பதால் அந்த ஏழும் இல்லை. பெட்ரோல் மிச்சம் என்பது வெறும் பேச்சு: மெதுவாக ஓட்டும்போது இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திராட்டில் என்ற மூடிதான் அளந்து விடுகிறது, வெளியே எவ்வளவு குளிர்ந்த காற்று காத்திருந்தால் என்ன? கூடுவது சத்தம். பெட்டி அடக்கி வைத்திருந்த உறிஞ்சல் சத்தம் உறுமலாகக் கேட்கும், கார் பறப்பது போலத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் அதில் ஏமாந்தவன்தான்.

மேட்டில் மூச்சு வாங்கினால் ஃபில்டர், பிளக், பிளக் கேபிள், டைமிங், கிளட்ச் என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் திணறும்.

சரி, கை அரிக்கிறது, செய்தே தீருவேன் என்றால் செய்யுங்கள், ஆனால் பம்பருக்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள். கோலாலம்பூர் மாலை மழை உங்களுக்குத் தெரியாததா? 2007-இல் வெள்ள நீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தார்கள், இன்னமும் சில சாலைகளில் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் நிற்கிறது. ஃபில்டர் அந்தத் தண்ணீருக்குள் மூழ்கினால் இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உங்கள் இன்ஜின் 1468 சிசி, பிஸ்டன் உச்சிக்கு ஏறும்போது மேலே மிஞ்சும் இடம் 50 மில்லிக்கும் குறைவு, தே தாரிக் கிளாஸில் கால் கிளாஸ்கூட வராது. அதற்கு மேல் தண்ணீர் போனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜினை இறக்க வேண்டியதுதான். அப்படி நடுவழியில் நின்றுபோனால் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். வளையாமல் தப்பித்த ராடும் அதில் வளைந்துவிடும்.

ஃபில்டரை ஹெட்லைட் உயரத்துக்கு மேலேயே வையுங்கள், இன்ஜின் பக்கம் ஓர் அலுமினியத் தகடு வளைத்து மறைப்புக் கட்டுங்கள். மறைப்பில்லாத கூம்பு ஃபில்டர் ஜாமில் நிற்கும்போது பழைய பெட்டியைவிடச் சூடான காற்றைக் குடிக்கும். பிவிசி 80 டிகிரிக்குப் பக்கத்தில் இளக ஆரம்பிக்கும், அதனால் எக்ஸாஸ்ட் ஓரம் வேண்டாம். மூன்று அங்குலமும் எதற்கு? திராட்டில் வாயின் அளவு போதும். எல்போ இரண்டுக்குப் பதில் நீண்ட வளைவு ஒன்று, இணைப்புக்குச் சிலிகான் ஹோஸ், கிளாம்ப். இன்ஜின் ஆடும், குழாய் ஆடாது, நேராகப் பொருத்தினால் விரிசல் விடும்.

பழைய குழாயில், இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து வரும் சின்ன ஹோஸ் ஒன்று சொருகியிருக்கும். வீட்டில் செய்கிறவர்கள் அதைத்தான் மறப்பார்கள். புதுக் குழாயிலும் ஃபில்டருக்குப் பிறகு அதற்கு ஓர் இடம் வேண்டும். திறந்து விட்டால் எண்ணெய்ப் புகை பானெட் முழுக்கப் படியும், தூசி இன்ஜினுக்குள் போகும். குழாயில் காற்றை அளக்கும் சென்சார் இருந்தால் எண்ணெய் தடவும் ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சென்சார் கம்பியில் ஒட்டினால் கணக்குத் தப்பும். கழற்றிய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கே காரை விற்றால் பெயர் மாற்றப் பரிசோதனைக்கு அது தேவைப்படலாம்.

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் வைத்த புரோட்டான் இஸ்வாரா கார். மேலே உள்ள வட்டப் பானையை எடுத்துவிட்டுச் சின்ன ஃபில்டர் வைத்தால் நல்லதா ஐயா?
மா., பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம். அந்தப் பானை ஃபில்டருக்கு வீடு மட்டுமல்ல. இன்ஜின் சில நேரம் பின்பக்கமாக வெடித்துத் துப்பும் தீயைத் தடுப்பதும் அதுதான். பானைக்குள், கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் மூச்சுக்குழலும் திறப்பதுண்டு, அதன் அழுத்தம் மாறினால் பெட்ரோல் அளவும் மாறும். உள்ளே இருக்கும் காகித ஃபில்டரை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.