மாத்திரையை நிறுத்திய பின் நாள் தள்ளிப்போவது ஏன்?

கேள்வி: கருத்தடை மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் மாதவிலக்கு வரவில்லை. பயமாக இருக்கிறது. இது வழக்கமானதுதானா?

பலருக்கும் நடப்பதுதான். எனக்கும் நடந்தது. ஆனாலும் முதலில் ஒரு காரியம் செய்துவிடுங்கள். நாளைக் காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். முட்டை வெளியான பிறகுதான் விலக்கு வரும் என்பதால், நிறுத்திய பின் ஒரு முறைகூட விலக்கு வராமலேயே கரு தங்கிவிட வாய்ப்பு உண்டு. ‘விலக்கே வரவில்லை, கரு எப்படித் தங்கும்’ என்று எண்ணி இருந்துவிட வேண்டாம்.

நான் மூன்று ஆண்டுகள் ‘மாலா-என்’ கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன். அட்டையில் மொத்தம் 28 மாத்திரைகள். அவற்றில் 21 மட்டுமே ஹார்மோன். நிறம் மாறியிருக்கும் கடைசி ஏழும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாட்களுக்குள் தவறாமல் உதிரம் வந்துவிடும். நாள் பிசகாமல் வருகிறதே, உடம்பு சீராகிவிட்டது என்று மகிழ்ந்திருந்தேன். ஹார்மோன் ஒரு வாரம் நின்றதால் கருப்பையின் உள்சவ்வு உதிர்ந்ததே தவிர, அது என் சொந்தச் சுழற்சி அல்ல என்பதை நிறுத்திய பிறகுதான் மருத்துவர் விளக்கினார். மாத்திரை சாப்பிடும் காலத்தில் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் தூண்டுதல் அடங்கியிருக்கும், முட்டை முதிராது. நிறுத்தியதும் அந்தத் தூண்டுதல் மறுபடி எழ வேண்டும். சிலருக்கு நான்கு வாரம் போதும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கடைசி உதிரப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் எனக்கு 73 நாட்கள். சமையலறையில் மாட்டியிருந்த மாத நாட்காட்டியில், சிலிண்டர் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில், ஒவ்வொரு நாளும் சிறு புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். “இந்த மாதமும் தலைக்குக் குளிக்கவில்லையா, விசேஷமா?” என்று அத்தை ஆசையோடு கேட்பார். இல்லை என்று தெரிந்ததும் எள்ளும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தார். அந்த அன்புக்காகவே சாப்பிட்டேன்.

அறுபதாவது நாள் வாக்கில் வெள்ளைப்படுதல் மாறியது. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல, விரலில் எடுத்தால் இழையாக நீண்டது. முட்டை வெளிவரும் சமயம் அது, இரண்டு வாரத்தில் விலக்கு வரும் என்றார் மருத்துவர். பதின்மூன்றாம் நாள் வந்தது. மூன்று ஆண்டுகளாக மறந்திருந்த இடுப்பு வலியும் கூடவே வந்தது, போக்கும் அதிகம். மாத்திரைதான் இரண்டையும் குறைத்து வைத்திருந்திருக்கிறது. உங்களுக்கும் அப்படி வந்தால் மிரள வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்றும் அளவுக்குப் போனால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மூன்று மாதம் தாண்டியும் வராவிட்டால் கட்டாயம் பார்க்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் சொல்வார்கள். மாத்திரைக்கு முன்பே நாள் தள்ளித் தள்ளி வந்தவர்களுக்கு, அடியில் இருந்த சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இப்போது வெளியே தெரியும். மாத்திரை அதை உண்டாக்குவதில்லை. மூடி வைத்திருக்கும், அவ்வளவுதான். விலக்கு வரவழைக்க என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

கருத்தடை ஊசி போட்டவர்களின் கணக்கு வேறு. என் நாத்தனார் அரசு மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தரா ஊசி போட்டுவந்தார். நிறுத்தி ஆறு மாதமாகியும் விலக்கில்லை என்று அழுதார். அந்த மருந்து உடலிலிருந்து மெதுவாகத்தான் கரையும். கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்கும் நிலை திரும்பவே பொதுவாக ஏழு முதல் பத்து மாதம் ஆகும். ஊசி போடும்போதே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அத்தனை இரவுகள் தூங்காமல் இருந்திருக்க மாட்டார். இன்றும் எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது மூன்று விவரங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: மாத்திரை தொடங்குவதற்கு முன் எத்தனை நாளுக்கு ஒரு முறை வந்தது, எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், அதன் பிறகு துளியேனும் பட்டதா. என்னிடம் முதலில் கேட்டது இவற்றைத்தான். நாட்காட்டித் தாள்களைக் கிழித்து எடுத்துப் போயிருந்ததால் உடனே சொல்ல முடிந்தது.