மாலை நாலு மணிக்கு உங்கள் குசினியில் என்ன நடக்கிறது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்தேன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் எட்டு மாதம் இருந்துவிட்டு இப்போது அஜாக்ஸில் டவுன்ஹவுஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். ஹைட்ரோ கணக்கு, அதாவது மின்சாரக் கணக்கு, முதல்முறையாக உங்கள் பெயருக்கு வருகிறது. மூன்று விதமான விலைத் திட்டம் இருக்கிறதாம். கணவரோடு வேர்ஹவுஸில் வேலை செய்பவர், "இரவுத் திட்டத்துக்கு மாறுங்கோ, யூனிட் நாலு சதம்கூட இல்லை" என்று சொல்லியிருக்கிறார். மாறலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தப் பெயர். நான் வந்த புதிதில் வாடகை விளம்பரத்தில் "ஹைட்ரோ தனி" என்று இருந்ததைப் பார்த்து, தண்ணீர்க் காசு என்றுதான் நினைத்தேன். 1906இல் நயாகரா நீர்மின்சாரத்தை ஊர்களுக்குக் கொண்டுபோக நம்முடைய இந்த ஒன்ராறியோ மாகாணம் ஒரு ஆணைக்குழு அமைத்தது; அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் போகவில்லை. இப்போது மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அணுமின் நிலையங்களிலிருந்து வருகிறது. அதில் ஒன்று உங்கள் பக்கத்து ஊரான பிக்கரிங்கில்தான் நிற்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊர் தூங்குகிறது என்பதற்காக அணு உலையை இரவிரவாகத் தணித்து வைக்க முடியாது. நள்ளிரவில் எடுக்க ஆளில்லாத மின்சாரம், அதனால் மலிவு. மாலையில் எல்லோரும் வீடு வந்து அடுப்பைப் போடும்போது எரிவாயு நிலையங்களையும் சேர்த்து ஓட்ட வேண்டும், அப்போது விலை ஏறும். உங்களுக்குச் சொல்லப்பட்ட நாலு சதம் இந்தக் கதையின் முதல் பாதி.

இனி விலை. மாகாணத்தில் மின்சார விலையைத் தீர்மானிக்கும் ஒன்ராறியோ எனர்ஜி போர்ட் 2025 நவம்பர் 1 முதல் வைத்திருக்கும் விலைகளைத்தான் சொல்கிறேன். நீங்கள் ஒன்றும் கேட்காவிட்டால் உங்களை டைம் ஒஃப் யூஸ் என்ற நேரக் கணக்கில் போடுவார்கள். அதில் வார நாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 வரையும், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் முழுநாளும் யூனிட்டுக்கு 9.8 சதம். குளிர்காலத்தில் வார நாட்களில் காலை 7 முதல் 11 வரையும், பின்னேரம் 5 முதல் 7 வரையும் 20.3 சதம். இடையில் உள்ள பகல் நேரம் 15.7. மே மாதம் வந்தால் இது புரண்டுவிடும்: ஏசி ஓடும் 11 முதல் 5 வரைக்குத்தான் கூடின விலை.

இரண்டாவது டியர்ட் என்கிற படிக் கணக்கு. மணிக்கூட்டைப் பார்க்கவே வேண்டாம். குளிர்காலத்தில் மாதம் 1000 யூனிட் வரை 12 சதம், அதற்கு மேல் 14.2. கோடையில் அந்த எல்லை 600க்கு இறங்கும்.

மூன்றாவதுதான் உங்கள் நண்பர் சொன்ன அல்ட்ரா லோ ஓவர்நைட். இரவு 11 முதல் காலை 7 வரை 3.9 சதம், அது உண்மை. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 39.1 சதம். இதை அவர் சொன்னாரா? இரவு விலையின் பத்து மடங்கு. வீட்டு முன்றிலில் மின்சாரக் கார் நிற்பவருக்கு இது வரப்பிரசாதம். மாதம் 300 யூனிட் ஏற்றினாலும் 12 டொலருக்குள் முடிந்துவிடும். அவரிடம் கார் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், நான் பந்தயம் கட்டுகிறேன்.

உங்கள் வீட்டைப் பார்ப்போம். கணவர் இரவு வேலை, பகலில் தூக்கம். மாமியும் இரண்டு வயதுப் பிள்ளையும் நாள் முழுக்க வீட்டில். சூடாக்குவது காஸ், தண்ணீர் டாங்கும் காஸ், ஆனால் அடுப்பு கரண்ட். கணவர் வேலைக்குப் போகுமுன் சாப்பிட வேண்டும், அடுத்த நாளுக்குக் கட்டியும் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் நாலரை மணிக்கு ஒரு அடுப்பில் சோறு, மற்றதில் கறி, பிறகு புட்டுக்குத் தண்ணீர். இரண்டு மணித்தியாலச் சமையலுக்கு மூன்று யூனிட் என்று வைப்போம். இரவுத் திட்டத்தில் அது 1 டொலர் 17 சதம். படிக் கணக்கில் 36 சதம். மாதத்தில் 22 வேலை நாள் என்றால் ஒன்று 26 டொலரைத் தொடும், மற்றது 8 டொலர்கூட இல்லை. இது அடுப்பு மட்டும். உடுப்புத் தோய்ப்பதும் காய வைப்பதும் இரவு 11க்குப் பிறகு என்று வைத்தாலும் இந்த இடைவெளியை அடைப்பது கஷ்டம். அதோடு ட்ரையரை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், தீப்பிடிக்கும் சாமான் அது. டவுன்ஹவுஸ் சுவரும் மெல்லியது.

நானே பட்டவன். இந்த இரவுத் திட்டம் 2023 மே மாதம் தொடங்கியபோது விலை இரவில் 2.4 சதம், மாலையில் 24. எனக்குக் கண்ணில் பட்டது 2.4 மட்டும்தான். மனைவியிடம்கூடக் கேட்காமல் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினேன். ஆடி மாதம், நல்ல வெக்கை, ஊரிலிருந்து வந்த அம்மா எங்களோடு. பில் வந்ததும் திகைத்துப்போய், ஹைட்ரோ இணையக் கணக்கில் மணிக்கு மணி எவ்வளவு எடுத்தோம் என்று காட்டும் படத்தைத் திறந்தேன். நாள் முழுக்கப் பற்றை உயரத்துக்குக் கோடுகள். ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் மட்டும் இரண்டு பனைமரம். ஏசி, அடுப்பு, ஓவன், எல்லாம் அந்த இரண்டு மணிக்குள். பதினொரு மணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓடியது பிரிட்ஜும் இன்டர்நெட் பெட்டியும்தான். மலிவு விலையில் பிரிட்ஜ் ஓட்டி மிச்சம் பிடித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஐப்பசியில் திரும்பி வந்துவிட்டேன்.

சரி, மிச்சம் இருப்பது நேரக் கணக்கா படிக் கணக்கா என்பது. நேரக் கணக்கில் மலிவு நேரம் கிழமைக்கு 108 மணித்தியாலம், மொத்தம் 168இல். பிரிட்ஜ் மாதிரி எந்நேரமும் ஓடுகிற சாமான் தானாகவே நூற்றுக்கு 64 பங்கு மலிவில் ஓடும். ஆனால் இன்றைய விலையில் நான் போட்டுப் பார்த்த கணக்கின்படி, மொத்தப் பாவனையில் நாலில் மூன்று பங்குக்குக் கிட்ட மலிவு நேரத்தில் இருந்தால்தான் அது 12 சதப் படிக் கணக்கை வெல்லும். இருவரும் பகலில் வேலைக்குப் போய், ஏழு மணிக்குப் பிறகு சமைத்து, சனி ஞாயிறில் தோய்க்கிற வீடு அதைத் தொடும். ஆட்கள் பகல் முழுக்க இருக்கிற உங்கள் வீடு தொடாது. கோடையில் 600ஐத் தாண்டிவிடுவோமே என்று பயப்படவும் வேண்டாம். தாண்டினால் வருகிற 14.2 சதமும் நேரக் கணக்கின் நடு விலையான 15.7ஐ விடக் குறைவுதான்.

ஆகவே படிக் கணக்கில் தொடங்குங்கள். அஜாக்ஸுக்கு மின்சாரம் தருவது எலெக்சிக்கன். கணக்குத் திறந்ததும் அவர்களுடைய தளத்திலேயே திட்டம் மாற்றுகிற படிவம் இருக்கும், கட்டணம் கிடையாது. அடுத்த பில் காலம் தொடங்குவதற்குப் பத்து வேலைநாளாவது முன்னால் அனுப்புங்கள், பிந்தினால் அதற்கடுத்த பில்லில்தான் மாறும். மூன்று மாதம் போனபின் மணிக்கணக்குப் படத்தைத் திறந்து உங்கள் பனைமரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கணவருக்குப் பகல் வேலை கிடைத்தாலோ, கார் வாங்கினாலோ, கணக்கை மறுபடி போடலாம். விலை ஒவ்வொரு நவம்பரும் மாறும் என்பதால் எப்படியும் வருடத்தில் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

எந்தத் திட்டம் எடுத்தாலும் பில் பாதியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். டெலிவரி என்று தனியாக ஒரு தொகை வரும், அதில் பெரும்பங்கு நீங்கள் ஒரு விளக்கும் போடாவிட்டாலும் கட்ட வேண்டிய காசு. ரெகுலேட்டரி கட்டணம், 13 வீத எச்எஸ்டி என்ற விற்பனை வரி, அப்புறம் அரசாங்கம் கழித்துவிடும் 23.5 வீதத் தள்ளுபடி. திட்டம் தொடுவது எடுத்த மின்சாரத்துக்கான தொகையை மட்டும்தான்.

குடும்ப வருமானம் குறைவென்றால் ஒன்ராறியோ எலெக்ட்ரிசிட்டி சப்போர்ட் புரோகிராமுக்கு விண்ணப்பியுங்கள். வீடு வாடகை என்றாலும் பரவாயில்லை, கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் போதும். பில்லிலேயே மாதாமாதம் கழிப்பார்கள். எங்கள் ஆட்கள் பலர் வெட்கத்திலேயே இதை விட்டுவிடுகிறார்கள், என்ன வெட்கமோ தெரியாது. புதுக் கணக்குக்கு டெபாசிட் கேட்கலாம். ஒழுங்காகக் கட்டினால் ஒரு வருடத்தில் திரும்பி வரும்.

யாராவது "உங்கள் ஹைட்ரோ பில்லை ஒருக்கால் காட்டுங்கோ, விலையைப் பூட்டித் தருகிறோம்" என்று கதவைத் தட்டினால் காட்டாதீர்கள். 2009இல் கழுத்தில் அட்டை போட்டு வந்த ஒரு பொடியனுக்கு நான் காட்டினேன், கையெழுத்தும் வைத்தேன், ஐந்து வருட ஒப்பந்தம். பூட்டிய விலைக்கு மேல் குளோபல் அட்ஜஸ்ட்மென்ட் என்று இன்னொரு தொகை தனியாக வரும் என்பதை அவன் சொல்லவில்லை. 2017 ஜனவரி 1 முதல் வீட்டு வாசலில் அப்படி விற்பதே சட்டவிரோதம். கதவை மூடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

மாமியிடம் இந்த விலைகளை விவரமாகச் சொல்ல வேண்டாம். 2023இல் என் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். கேத்தில் ஒருமுறை கொதிக்க இரண்டரைச் சதம் போகும் என்று தெரிந்ததிலிருந்து, ஐப்பசியில் நான் திட்டத்தை மாற்றும் வரைக்கும், நாலு மணிக்குப் பிறகு அவர் தேத்தண்ணியே குடிக்கவில்லை.