கட்சி சாராக் கொள்கை ஆய்வில் ஆன்லைன் இன்டர்ன்ஷிப்: விண்ணப்பத்தில் எதைக் காட்ட வேண்டும்?

கேள்வி: அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கட்சி சாராத கொள்கை ஆய்வு அமைப்புகளில் வீட்டிலிருந்தே செய்யும் இன்டர்ன்ஷிப்புக்குப் பல இடங்களில் விண்ணப்பித்துவிட்டேன். எங்கிருந்தும் பதில் இல்லை. முதலாண்டில் ஒரு கட்சியின் மாணவர் அணியில் இருந்தேன், தேர்தல் பிரசாரத்துக்கும் போயிருக்கிறேன். அதை மறைக்க வேண்டுமா? எழுத்து மாதிரி என்று கேட்கிறார்களே, அதற்கு எதை அனுப்புவது?

பதில்: மறைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இந்தப் பயம்தான் பெரிதாகத் தெரிகிறது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஆண்டு, என்ன பொறுப்பில் இருந்தீர்கள் என்று பயோடேட்டாவில் ஒரே வரியில் எழுதுங்கள். வீடு வீடாகப் போய் மக்களிடம் பேசிய அனுபவம் ஆய்வுக்கு உதவக்கூடியதுதான். மறைத்து, பிறகு அவர்கள் உங்கள் பழைய பதிவுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் சிக்கல். இன்டர்ன்ஷிப் காலத்தில் வெளிப்படையாகப் பிரசாரம் செய்யக் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சம்மதம் என்றால் மட்டும் சேருங்கள்.

கட்சி சாராதது என்றால் கருத்தே இல்லாதது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அறப்பணி அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது என்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. கொள்கை பற்றிக் கருத்துச் சொல்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே வரியைக் குறைக்கச் சொல்லும் ஆய்வு மையமும் தன்னைக் கட்சி சாராதது என்கிறது, நலத்திட்டங்களைப் பெருக்கச் சொல்லும் மையமும் அப்படியே சொல்கிறது. இரண்டும் பொய்யல்ல. இன்னொரு வகை அமைப்புகள் பரிந்துரையே தருவதில்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமெரிக்கக் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம், ஒரு மசோதா வந்தால் அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டுச் சொல்லும், அதை நிறைவேற்றலாமா கூடாதா என்று சொல்லாது. இந்தியாவில் 2005இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச், மசோதாக்களைச் சுருக்கி, அவற்றில் எழும் கேள்விகளை நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் வைக்கிறது.

நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் எந்த வகை என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. அவர்களின் சமீபத்திய அறிக்கைகள் நான்கைந்தை எடுத்து, கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பரிந்துரைகள் என்று ஒரு பகுதி இருக்கிறதா? எல்லா அறிக்கைகளும் ஒரே திசையில்தான் முடிகின்றனவா? நிதி தருவது யார் என்று வெளியிட்டிருக்கிறார்களா? பரிந்துரை தராத இடத்துக்கு ‘சமூகத்தை மாற்ற விரும்புகிறேன்’ என்று கவர் லெட்டர் எழுதினால், படிப்பவர் மனதில் அங்கேயே ஒரு சந்தேகம் விழுந்துவிடும். இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரே கடிதத்தில் அமைப்பின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். உங்களுக்குப் பதில் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பத்து இடங்களுக்கு ஒரே கடிதம் போடுவதைவிட மூன்று இடங்களுக்கு மூன்று கடிதம் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் அவர்களுடைய ஓர் அறிக்கையைக் குறிப்பிட்டு, அதைப் படித்தபோது உங்களுக்குள் எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். பாராட்டைவிட அந்தக் கேள்விதான் நினைவில் நிற்கும்.

சரி, எழுத்து மாதிரிக்கு வருவோம். ஆன்லைன் இன்டர்ன்ஷிப்பில் உங்களை யாரும் நேரில் பார்க்கப் போவதில்லை. அவர்கள் கையில் இருப்பது உங்கள் எழுத்து மட்டும்தான். அதனால் முப்பது பக்க ஆய்வேட்டை அப்படியே இணைக்காதீர்கள். பேச்சுப் போட்டிக்கு எழுதிய உரையும் வேண்டாம், உங்கள் நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இரண்டு பக்கத்தில் புதிதாக ஒரு கொள்கைக் குறிப்பு எழுதுங்கள். நடப்பில் இருக்கும் ஒரு மசோதாவையோ அரசு விதியையோ எடுத்து, இப்போது என்ன நிலை, என்ன மாறப்போகிறது, யாருக்கு லாபம், யாருக்குச் சுமை, செலவு எவ்வளவு, எந்தக் கேள்விக்கு இன்னும் தரவு இல்லை என்று சொல்லுங்கள். ஆதரிப்பவர்களின் வலுவான வாதத்தையும் எதிர்ப்பவர்களின் வலுவான வாதத்தையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும், உங்களோடு அந்த விஷயத்தில் முற்றிலும் மாறுபடும் ஒரு நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘என் பக்கத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்’ என்று அவர் சொன்னால் அனுப்பலாம்.

சாய்வு பெரும்பாலும் முடிவுரையில் இருக்காது, சொற்களில் ஒளிந்திருக்கும். ஒரு சட்டத் திருத்தத்தைச் ‘சீர்திருத்தம்’ என்று எழுதும்போதே அது நல்லது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். ‘மாற்றம்’ என்றால் போதும். ஒரே திட்டத்தை ஒருவர் இலவசம் என்பார், ஒருவர் நலத்திட்டம் என்பார், நீங்கள் சட்டத்தில் இருக்கும் பெயரையே எழுதுங்கள். அமெரிக்காவில் இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரியை எதிர்ப்பவர்கள் அதை ‘மரண வரி’ என்று அழைத்ததும் இந்த வகைதான்.

எண்களிலும் இதே ஆபத்து உண்டு. வேலையின்மை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால், அது 2 சதவீதப் புள்ளி உயர்வு. 50 சதவீதம் உயர்ந்தது என்றாலும் கணக்கு சரிதான், ஆனால் படிப்பவர் மனதில் வேறு படம் விழும். இரண்டு எண்களையும் கொடுத்துவிடுங்கள். அப்புறம், அடிப்படை ஆண்டு. பெருந்தொற்றால் பல நாடுகளின் பொருளாதாரம் சுருங்கிய 2020ஐ வைத்து 2021ஐ அளந்தால் வளர்ச்சி பிரமாதமாகத் தெரியும். 2019இலிருந்து அளந்தால் அதே நாடு வேறு மாதிரித் தெரியும். இதைக் கவனித்து, ஏன் இந்த ஆண்டை எடுத்தேன் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதும் மாணவரை நான் உடனே நேர்காணலுக்கு அழைப்பேன். புள்ளியியலில் பெரிய பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எக்ஸெலில் ஓர் அட்டவணையைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதத் தெரிந்தால், முதல் மாத வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியோடு எழுதினால், அது தரும் மேற்கோள் ஒவ்வொன்றையும் மூல ஆவணத்தில் திறந்து பாருங்கள். இல்லாத அறிக்கைகளை அது நிஜம் போலவே எழுதித் தரும். அப்படி ஓர் அடிக்குறிப்பு அகப்பட்டால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது.

வீட்டிலிருந்து வேலை என்றால் உலகில் எங்கிருந்தும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. அமைப்பு இருக்கும் நாட்டில் வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும், அந்த நாட்டுக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல அறிவிப்புகளின் கடைசியில் இருக்கும். அதைக் கவனிக்காமல் அனுப்பிய விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் வடிகட்டலிலேயே போய்விடும். உங்கள் பழைய விண்ணப்பங்களின் அறிவிப்புகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள். நிபந்தனை தெளிவாக இல்லையென்றால், விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு வரி மின்னஞ்சலில் கேளுங்கள். கடைசித் தேதியும் நேரமும் அவர்களுடைய நேர மண்டலத்தில் இருக்கும், அதையும் மறந்துவிடாதீர்கள். பணம் கட்டினால்தான் இடம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள், அவர்கள் விற்பது சான்றிதழைத்தான்.

நேர்காணலில் உங்கள் கட்சி அனுபவம் பற்றிக் கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அந்தக் கட்சி முன்வைத்த ஒரு கொள்கையில் எந்த வாதம் பலவீனமானது என்று இப்போது நினைக்கிறீர்கள் என்பதை நேர்மையாகச் சொல்லத் தயாராக இருங்கள், அந்தக் கேள்விக்கு அதுவே பதில். நீங்களும் கேளுங்கள்: என் வரைவை யார் திருத்துவார்? வாரம் எத்தனை முறை பேச முடியும்? வெளியாகும் அறிக்கையில் என் பெயர் வருமா? உதவித்தொகை உண்டா? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் மூன்று மாதம் தனியாக இணைப்புகளைத் தொகுத்துக்கொண்டே இருக்க நேரிடும். வீட்டிலிருந்து செய்யும் வேலையில் திருத்திக் கொடுக்க ஒருவர் இல்லையென்றால் கற்றுக்கொள்ள வழியே இல்லை.

இனி நீங்கள் அனுப்பும் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முடிந்து இரண்டு வாரமாகியும் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்குள் நீங்கள் குறிப்பு எழுதிய மசோதாவில் ஏதாவது திருத்தம் வந்திருந்தால், உங்கள் குறிப்பையும் திருத்தி, புதுத் தேதி போட்டு, அந்த மின்னஞ்சலோடு இணைத்துவிடுங்கள்.