குடித்ததை மறைக்காதீர்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியரின் பதில்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் அறுவடை மெஷினுக்கு வயல் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர். தை மாதம் ஆத்தூர்ப் பக்கமிருந்து மெஷினோடு வருகிறவர்கள் கேனில் சாராயம் கொண்டு வருகிறார்கள். "இது மலையில் காய்ச்சினது. வெல்லமும் வேலம்பட்டையும்தான். கொளுத்தினால் நீலமா எரியுது பார், சுத்தமான சரக்கு" என்கிறார் என் வீட்டுக்காரர். அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: முடியாது, தங்கச்சி. சாராயத்தில் இருக்கிற எத்தனாலும் நீலமாக எரியும், ஆளைக் கொல்கிற மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். நாக்கில் வைத்தாலும் மோந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கேன் மலையிலிருந்து கிளம்பியது நிஜமாகவே இருக்கட்டும். உங்கள் வயல் வரப்புக்கு வருவதற்குள் எத்தனை கை மாறியது, வழியில் யார் எதைக் கலந்தார்கள் என்று உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியாது, மெஷின் டிரைவருக்கும் தெரியாது.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபதுக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல். இரண்டிலும் ஆட்களைக் கொன்றது மெத்தனால். அது ஊறல் பானையில் காய்ச்சியது அல்ல, ஆலைகளுக்குப் போகவேண்டிய ரசாயனம். பெயிண்ட், வார்னிஷ் வேலைக்கு ஆகிற சாமான். அதைத் தண்ணீர் கலந்து பாக்கெட்டில் அடைத்துச் சாராயம் என்று விற்றார்கள்.

இனி நான் சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தனால் குடித்தவர் முதலில் சாதாரணப் போதையில் இருப்பதுபோலத்தான் இருப்பார். தூங்கி எழுவார். பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் ஆரம்பிக்கும்: வாந்தி, வயிற்றுவலி, தலைவலி, மூச்சு வாங்குதல், கண் முன்னால் பனி மூடினதுபோல வெள்ளையாகத் தெரிதல். ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தின்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் வந்தால் விஷமுறிவு மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. மோர், எலுமிச்சம்பழம், உப்புத்தண்ணீர் என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். "தெளியட்டும்" என்று படுக்கப் போட்டுக் காத்திருப்பதைவிடக் கெட்டது வேறில்லை.

தொண்ணூறுகளில் டெல்டாவில் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு, விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பெண் தன் புருஷனை மாட்டுவண்டியில் கொண்டுவந்தாள். என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். "கருவாட்டுக் குழம்பு சிஸ்டர், வயிறு ஒத்துக்கல" என்றாள். திரும்பக் கேட்டேன், அதையேதான் சொன்னாள். போலீஸ் வருமே என்ற பயம் அவளுக்கு. வயிற்றுக்கோளாறு என்று ஊசி போட்டோம், குளுக்கோஸ் ஏற்றினோம். ஏழு மணிக்கு மாமியார்க்காரி என் காதோடு வந்து, "லைட்டு எரியுதான்னு கேக்கறான்மா" என்றார். தலைக்கு மேலேயே ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. தஞ்சாவூருக்கு அனுப்பினோம். உயிர் பிழைத்தார், கண் திரும்பவில்லை. அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மூன்றாவது முறையும் நான் கேட்டிருக்க வேண்டும்.

அதனால், தங்கச்சி, அப்படி ஒரு நிலை வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வார்த்தையாக "சாராயம் குடித்தார், இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் பாட்டிலோடு எடுத்துப் போங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு போங்கள். போலீசுக்குத் தகவல் போகும். போகட்டும். இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள், அவர் தெளிவாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து.

கேள்வி: மலையில் இருப்பவர்கள் ஏன் சாராயம் காய்ச்சும் தொழிலை விடமாட்டேன் என்கிறார்கள்? எல்லாரையும் பிடித்து உள்ளே போட்டால் சரியாகிவிடாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஐயா, எனக்கு முதல் வேலை 1988-ல் கல்வராயன் மலை அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில். நான்கு வருஷம் இருந்தேன். தஞ்சாவூர் ஜில்லாவில் வாய்க்காலும் வண்டிப்பாதையும் பார்த்து வளர்ந்த எனக்கு, பிரசவ வலியில் ஒரு பெண்ணைத் தொட்டில் கட்டி மலையிலிருந்து தூக்கி வந்ததைப் பார்த்தபோதுதான் ரோடு என்றால் என்னவென்று புரிந்தது.

அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்கள் என்ற நிலப்பிரபுக்கள் கையில் இருந்தது. சனங்கள் அவர்களுக்கு வரி கட்டி, கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். அப்புறமும் பட்டா கிடைக்கப் பல பேருக்குப் பாடாக இருந்தது. சாமையும் தினையும் கடுக்காயும் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்குவார்கள். வியாபாரி சொன்னதுதான் விலை. அதே வியாபாரியோ அவன் கூட்டாளியோ வெல்லத்தைக் கடனாகக் கொடுத்து, சாராயமாகத் திருப்பி வாங்கிக்கொள்வான். ஓடை ஓரம் பேரலைப் புதைத்து ஊறல் போடுகிறவன் மலைக்காரன். வெந்த கையோடு என்னிடம் மருந்து கட்ட வருகிறவனும் அவனே. லாபம் கீழே இறங்கிவிடும்.

பிடித்துப் போட்டுத்தான் பார்த்தார்களே. புருஷன் ஜெயிலுக்குப் போனால் வக்கீலுக்குப் பணம் தருவதும் அதே முதலாளி. வெளியே வந்ததும் அந்தக் கடனுக்காகத் திரும்பவும் ஊறல். ஊறலை விட்டவர்களில் எத்தனையோ பேர் செம்மரம் வெட்ட ஆந்திராவுக்குப் போனார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, எல்லாரும் நம் ஊர் ஏழைகள். ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளில் கஞ்சா பயிரிடுகிறவர்கள் கதையும் இதுதான். முன்பணம் கொடுக்கிறவன் ஒருவன், மாட்டுகிறவன் இன்னொருவன். ஊறலைக் கொட்ட வேண்டியதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொட்டிய மறுநாள் அவர்கள் புளியையும் மரவள்ளியையும் நியாய விலைக்கு எடுக்க ஒரு லாரி மலையேற வேண்டும். 2024 சாவுகளுக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டுவந்தார்கள். அது மெத்தனால் விற்றவன் மேல் பாயட்டும்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். தெரிந்த அண்ணன் ஒருவர், "ரெண்டு நாள் ஒரு மூட்டையை வீட்டில் வை, படகு வந்ததும் எடுத்துக்கிறோம், ஐயாயிரம் தரேன்" என்கிறார். உள்ளே என்ன என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். வைக்கலாமா?
– மாணவர், வேதாரண்யம்

பதில்: வைக்காதே, தம்பி. என்ன என்று சொல்லவில்லை என்பதிலேயே தெரிகிறதே. ஆந்திரா, ஒடிசா மலையில் விளைந்த கஞ்சா உங்கள் கடற்கரை வழியாகவும் இலங்கைக்குப் படகேறுகிறது. 20 கிலோவுக்கு மேல் இருந்தால் குறைந்தது 10 வருஷம், 20 வருஷம் வரைக்கும் போகலாம். ஜாமீன் லேசில் கிடைக்காது. "எனக்குத் தெரியாது" என்பதை நீதான் நிரூபிக்க வேண்டியிருக்கும். வீடு உன் அப்பா பேரில் இருந்தால் அவரும் கோர்ட்டில் நிற்க வேண்டிவரலாம்.

நீ எழுதிக் கேட்டதே எனக்குப் பெரிய நிம்மதி. இன்றைக்கு ராத்திரியே அம்மாவிடம் சொல்லிவிடு. மூட்டை ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் அதைத் தொடாமல், பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு மதுவிலக்குப் போலீசின் 10581-க்குப் பேசு.