சின்ன லேப்டாப்பா, பெரிய லேப்டாப்பா? கையில் இருப்பது 21,000 ரூபாய்

கேள்வி: நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். கணவர் கைலி நெய்கிறார், நான் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறேன். மகள் வேலூரில் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கணினிப் பயன்பாடு முதலாம் ஆண்டு. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். லேப்டாப் வேண்டும் என்கிறாள். வேலூர் அண்ணா சாலையில் ஒரு கடையில் விசாரித்தோம். 11.6 அங்குலத் திரை உள்ள சின்னது 18,990 ரூபாய். 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி என்று மகள் குறித்து வந்தாள். 15.6 அங்குலம் உள்ள பெரியது 38,000, ரொக்கமாகக் கொடுத்தால் 36,500; அதில் 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. சீட்டு எடுத்த பணம் 21,000 இருக்கிறது. சின்னதை ரொக்கமாக வாங்கிவிடலாமா? அல்லது 20,000 முன்பணமும் 700 ரூபாய் கட்டணமும் கட்டிவிட்டு, மீதியை மாதம் 2,000 வீதம் 9 மாதம் வட்டியில்லாத் தவணையில் கட்டிப் பெரியதை எடுக்கலாமா? இல்லை, என் கம்மலை அடகு வைக்கட்டுமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சின்னதை வாங்காதீர்கள். பெரியதைத் தவணையிலும் எடுக்காதீர்கள். உங்கள் 21,000 ரூபாய்க்குள்ளேயே முடிக்க ஒரு வழி இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் கடைக்குப் போகும் முன் மகளைக் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வரச் சொல்லுங்கள். 2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள். அவள் படிப்பது அரசுக் கல்லூரி. அவளுடைய பாடப்பிரிவும் ஆண்டும் பட்டியலில் வருகிறதா, வந்தால் எப்போது என்று கேட்கட்டும். இந்தக் கல்வியாண்டிலேயே கிடைக்கும் என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். தெளிவான பதில் வராவிட்டால் மேலே படியுங்கள்.

சின்னதை ஏன் வேண்டாம் என்கிறேன்? திரை சின்னதாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குடியாத்தத்திலிருந்து வேலூர் வரை காலை நேர பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற பெண்ணுக்கு, ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கிற மெஷின் உண்மையிலேயே வசதி. என் கவலை உள்ளே இருப்பதைப் பற்றியது. ராம் என்பது வேலை நடக்கும்போது மெஷின் பயன்படுத்துகிற தற்காலிக நினைவகம்; இஎம்எம்சி, எஸ்எஸ்டி இரண்டும் கோப்புகளைச் சேமித்து வைக்கிற இடம். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு என்பது விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிற குறைந்தபட்ச அளவு. அதாவது மெஷினைப் போட்டதுமே கூரை தலையில் இடிக்கிறது. விண்டோஸே அந்த 64-இல் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஆபீஸ் மென்பொருள், டேலி என்கிற கணக்கு மென்பொருள், பாடக் கோப்புகள். அடுத்த பெரிய அப்டேட் வரும்போது 'இடமில்லை' என்று நிற்கும். பிறகு ராம் கூட்டிக்கொள்ளலாம், டிஸ்க் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், இந்த வகை மெஷின்களில் பெரும்பாலும் இரண்டையும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். வாங்கிய அன்று என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வரை.

இன்னொன்று, நம் ஊர் வெயில். இந்தச் சின்ன மெஷின்கள் பலவற்றில் விசிறி கிடையாது. சூடு ஏறினால் மெஷினின் மூளையான ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் ஷீட் போட்ட வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தால் அது எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, டைப் அடிக்க, வீடியோ பாடம் பார்க்க என்றால் நானே இதை வாங்கச் சொல்லியிருப்பேன். உங்கள் மகள் எக்செல், டேலி, புரோகிராமிங் என்று போகப் போகிறாள். இரண்டாம் ஆண்டிலேயே இது போதாமல் போய், இன்னொன்று வாங்க வேண்டிவந்தால் 18,990 ரூபாயும் போச்சு. மூன்று ஆண்டும் தாங்காத பொருளை மலிவு என்று எப்படிச் சொல்வது?

சரி, வட்டியில்லாத் தவணைக்கு வருவோம். இதில்தான் நிறையக் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன, அதனால் கணக்கை முழுசாகப் போட்டுவிடுகிறேன். ரொக்க விலை 36,500. தவணையில் எடுத்தால் நீங்கள் கட்டுவது 20,000 + 700 + 18,000, ஆக 38,700. வித்தியாசம் 2,200 ரூபாய். முதல் நாளே 20,700 கொடுத்துவிடுகிறீர்கள். அப்படியானால் அவர்கள் உங்களுக்கு உண்மையில் கடனாகக் கொடுத்தது 15,800தான். அதற்கு 9 மாதத்தில் 18,000 திருப்பிக் கட்டுகிறீர்கள். மாதாமாதம் அசல் குறைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மாதம் சுமார் 2.7 சதவீதம் வருகிறது. ஆண்டுக்கு 32 சதவீதம். நம் பேச்சில் சொன்னால் மூணு வட்டிக்குக் கொஞ்சம்தான் குறைவு. தெருவில் ஒருவர் மூணு வட்டி கேட்டால் யோசிப்பீர்கள். கடையில் 'வட்டியில்லா' என்று போர்டு போட்டிருந்தால் யோசிப்பதில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்கோ இருக்கும். இங்கே அது கிடைக்காமல் போன தள்ளுபடியிலும் கட்டணத்திலும் இருக்கிறது. ஒரு தவணை தவறினால் அபராதம் வேறு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டுகிற சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். தறிக்கு நூல் வராத மாதமும், பீடி இலை குறைவாகக் கொடுக்கிற வாரமும் உங்கள் வீட்டில் உண்டு. 2,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் எடுத்து வைப்பது லேசான காரியம் இல்லை.

கம்மலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், இரண்டு கடன் வழிகளில் அதுதான் மலிவு. ஆனால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்தால் மட்டும். 20,000 கையிலிருந்து போட்டு, 16,500 நகைக் கடன் வாங்கி, ரொக்கமாக வாங்கினால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஒன்பது மாதம் கழித்து மொத்தமாகத் திருப்பினாலும் வட்டி 1,240 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இடையிடையே கட்டிக் குறைத்தால் 700 ரூபாய் சொச்சம்தான். அடகுக் கடையில் வைத்தால் இந்தக் கணக்கு மொத்தமும் மாறிவிடும். அப்படி இருந்தும், இப்போதைக்குக் கம்மல் காதிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் யோசனை. மருத்துவச் செலவு, தறி ரிப்பேர் என்று வந்தால் கை நீட்ட உங்களிடம் இருக்கிற கடைசிப் பொருள் அதுதானே.

இப்போது நான் சொன்ன வழி. பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழிக்கிற 14 அங்குல லேப்டாப்களைச் சுத்தம் செய்து, பழுது பார்த்து விற்கிறார்கள். 'ரீஃபர்பிஷ்டு' என்று கேட்டால் வேலூரிலேயே காட்டுவார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னும் நிறைய. உங்கள் பணத்துக்குள் ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி தேட முடியும். எடை ஒன்றரை கிலோ அளவில் இருக்கும், பஸ்ஸுக்கும் ஒத்துவரும். முக்கியமாக, இன்டெல் கம்பெனி ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்கு, அதாவது அந்த வரிசையில் எட்டாவது வெளியீட்டுக்கு, கீழே போகாதீர்கள். ஏழாம் தலைமுறையில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை அதிகாரபூர்வமாக விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இதைச் சொல்லாமல் ஆறாம் தலைமுறை மெஷினைப் பளபளப்பாகத் துடைத்துத் தலையில் கட்டுகிற கடைகள் உண்டு. 19,000-க்குள் பேசி முடித்து, 2,000 ரூபாயைத் தனியே வையுங்கள். பழைய மெஷினில் முதலில் போவது பேட்டரி.

பழையது மனசுக்கு ஒத்துவரவில்லையா? அதுவும் நியாயம்தான். அப்படியானால் எட்டு மாதம் பொறுங்கள். தவணை கட்ட நினைத்த அதே 2,000 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். 21,000-உடன் சேர்த்தால் 37,000. ஒரு மாதம் தவறினால் கேட்க ஆளில்லை, அபராதமும் இல்லை. மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வர வேண்டும். அதை அப்படியே இதற்கு ஒதுக்குங்கள். அதுவரை கல்லூரி ஆய்வகம் இருக்கிறது, முதலாம் ஆண்டுக்கு அது போதும்.

உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? இருந்தால் மத்தியத் தொழிலாளர் நல அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். மற்ற உதவியோடு சேர்த்து வாங்கலாமா என்பதைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பணம் தாமதமாகத்தான் வரும், அதனால் இதை நம்பி எதையும் வாங்க வேண்டாம். வந்தால் பேட்டரிக்கு ஆகும்.

கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அரை மணி நேரம் அவளே ஓட்டிப் பார்க்கட்டும்: எல்லா விசையும் அழுந்துகிறதா, வைஃபை பிடிக்கிறதா, சார்ஜரைக் கழற்றினால் எவ்வளவு நேரம் நிற்கிறது. மெஷினின் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லும், குறைந்தது ஆறு மாத வாரண்டியும் தராத கடையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.